ரீஃப் தொட்டியை இரண்டடியிலிருந்து நாலடிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இரண்டடி உப்புநீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஜோடி கிளௌன் மீன், பத்துப் பன்னிரண்டு பவளம், எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்து நாலடிக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கெல்லாம் 4×2×2 அடித் தொட்டிக்கும் கீழே 100 லிட்டர் சம்புக்கும் (தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும் அடித்தொட்டி), அதுவும் சென்னை மாதிரி வெயிலும் ஈரப்பதமும் உள்ள கடலோர ஊருக்குப் போட்டவை. ஊட்டியில் இருப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

பெரிய தொட்டி என்றால் பராமரிப்பு சுலபம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தண்ணீர் அதிகமாக இருந்தால் எதுவும் சட்டென்று மாறாது. ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் 120 லிட்டர் தொட்டியில் அன்றைக்கே அம்மோனியா ஏறும். 450 லிட்டரில் பல நேரம் டெஸ்ட் கிட்டில்கூடத் தெரியாது. உப்பும் வெப்பமும் மெதுவாகத்தான் நகரும்.

மறுபக்கமும் உண்டு. கெட்டுப்போக நாளானால் சரியாகவும் நாளாகும், செலவும் ஆகும். பத்து சதவீதம் தண்ணீர் மாற்ற இதுவரை ஒரு பக்கெட் போதும். இனி 50 லிட்டர். அந்த 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 150 லிட்டர் வரை கழிவாகப் போகலாம். அதைப் பிடித்து வைத்துத் துணி துவைக்கவோ தரை துடைக்கவோ வழி செய்யுங்கள். தொட்டியும் மீனும் வாங்கப் பணம் இருக்கிறதா என்பதை விட, வெப்பம், கரன்ட், தண்ணீர் மூன்றுக்கும் வீட்டில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாலடித் தொட்டி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறது.

மாடி வீடு எடை தாங்குமா?

4×2×2 அடி என்றால் 16 கன அடி, அதாவது சுமார் 450 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 12 மி.மீ. கண்ணாடி மட்டுமே 90 கிலோவுக்கு அருகில் வரும். பாறை, மணல், ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்த்தால் 700 முதல் 750 கிலோ.

இந்தியத் தர நிர்ணயப்படி குடியிருப்பு அறைகளுக்குக் கணக்கிடும் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், பேச்சு வழக்கில் 200 கிலோ. உங்கள் தொட்டி முக்கால் சதுர மீட்டர் இடத்தில் முக்கால் டன்னை இறக்குகிறது. இதனால் தளம் உடனே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. பாரம் அறை முழுக்கப் பரவும், சுவரோரம் பீம் மேல் வைத்தால் இன்னும் நல்லது. அறை நடுவில், பால்கனியில், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போர்ஷனில் வைக்கவே கூடாது. மாடியாக இருந்தால், கட்டட வரைபடத்தைக் காட்டி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள். தொட்டிச் செலவோடு ஒப்பிட்டால் அவருடைய ஃபீஸ் பெரிதில்லை. வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தொட்டியை உள்ளூரில் கட்டச் சொல்லலாமா?

தாராளமாக. சென்னை கொளத்தூர் பக்கம் கண்ணாடித் தொட்டி கட்டுகிறவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டி கட்டிப் பழகியவர்கள், அதனால் மூன்று விஷயத்தை நீங்களே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோவுக்கான ஓட்டை எங்கே வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். டஃப்பன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு துளைக்க முடியாது, சில்லுச் சில்லாகப் போய்விடும். இரும்பு ஸ்டாண்டு என்றால் பவுடர் கோட்டிங் அல்லது எபாக்சி பெயின்ட் அவசியம், இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். மேல் விளிம்பில் சுற்றிலும், கண்ணாடி பிதுங்காமல் பிடிக்கும் பிரேஸிங் பட்டை வேண்டும். சிலிகான் காய ஒரு வாரமாவது விட்டு, சாதாத் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகே உப்பைப் பற்றி யோசியுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றலாமா?

கூடாது. குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் தாது சேர்த்தோ, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வழியாகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்தோதான் வெளியே விடுவார்கள். இப்போது ‘காப்பர்’ என்று பெரிதாக எழுதிய மாடல்கள் வேறு நிறைய விற்கிறார்கள். தாமிரம் நமக்கு நல்லதோ இல்லையோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். அது பாறையிலும் மணலிலும் ஊறிவிட்டால் எடுப்பது கஷ்டம்.

தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. மெம்பரேன், அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின். வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். பூஜ்யம் காட்ட வேண்டும். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டும். மெம்பரேன் அதில் 95 சதவீதத்தை எடுத்தாலும் மிச்சம் 50 இருக்கிறது, அதை ரெசின்தான் பிடிக்க வேண்டும், ரெசினும் சீக்கிரம் தீரும். லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், போர் என்று மூன்றும் மாறி மாறி ஒரே நிலத்தடித் தொட்டிக்கு வரும் அடுக்குமாடிகளில் வாரா வாரம் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

கடற்கரை பக்கத்தில்தான் வீடு. கடல் தண்ணீரையே எடுத்து வரலாமே?

எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களுக்கு அருகில் எடுக்கவே கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தள்ளிப் போய் எடுத்தாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஆற்று நீர் கலந்து கரையோரத் தண்ணீரின் உப்பு குறைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் நம்ப முடியாது. தொட்டி மாற்றும் நாளுக்கு ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கும் சால்ட் மிக்ஸ்தான் நிம்மதி. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், சுமார் 480 லிட்டருக்கு 18 கிலோ. அடர்த்தி 1.025 முதல் 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு.

சில்லர் இல்லாமல் விசிறியை வைத்துச் சமாளிக்க முடியுமா?

சின்னத் தொட்டியில் முடிந்தது என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 450 லிட்டர் தொட்டியை அது ஒரு டிகிரிக்கு மேல் குளிர்விக்கும். ஆகவே விசிறி நன்றாகவே வேலை செய்யும், காற்று வறண்டிருந்தால். கோவையிலும் மதுரையிலும் வறண்ட நாட்களில் விசிறி மூன்று டிகிரி வரை இறக்கிவிடலாம். சென்னையில் மே மாதம் அறைக்குள் 33 டிகிரியும் அதோடு புழுக்கமும் இருக்கும்போது தண்ணீர் ஆவியாகவே மறுக்கும். நமக்கு வேர்வை காயாத அதே காரணம். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றால் பவளங்கள் தங்கள் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். 1998-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது, காரணம் சூடான கடல்தான்.

நாலடிக்கு மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. சில்லர் ஓரளவு பாதுகாப்பான தேர்வு. தொட்டி 26 டிகிரியில் இருந்தால் போதும், 24-க்கு இறக்கிக் கரன்ட்டைக் கொளுத்த வேண்டாம். தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை சில்லர் அறைக்குள்தான் கக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மூடிய ஸ்டாண்டுக்குள் வைத்தால் அது தன் சூட்டைத் தானே மறுபடி இழுத்துத் திணறும். குழாயை நீட்டி ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ வைக்க வழி உண்டா என்று பாருங்கள். ஏசி எப்போதும் ஓடும் அறை என்றால் சில்லரே தேவைப்படாமல் போகலாம், ஆனால் ஊருக்குப் போகும்போதும் ஏசி ஓட வேண்டும்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீர் அல்ல. உப்பு ஆவியாவதில்லை. இந்த அளவில் நாளுக்கு நான்கைந்து லிட்டர் போவது சாதாரணம், விசிறி ஓடினால் இன்னும் அதிகம். கையால் ஊற்றுவதை விட்டுவிட்டு மட்டம் குறைந்தால் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-ஆஃப் வாங்குங்கள்.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

சில்லர் 350 வாட் இழுத்து நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 3 யூனிட். விளக்கு, சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து இன்னும் 3 முதல் 4 யூனிட். இரண்டு மாத பில்லில் 350 முதல் 420 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற ஸ்லாப் கட்டணமும் ஏறும் என்பதால், இப்போதைய பில்லோடு இதைக் கூட்டி எந்த ஸ்லாப்பில் விழுகிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் தொட்டி வரும் முன்பே இந்த எண்ணைச் சொல்லிவிடுவது உத்தமம்.

கரன்ட் போனால்?

இரண்டு பிரச்சினை. ஒன்று தரை நனைவது. பம்ப் நின்றதும் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் சம்புக்கு இறங்கும். 4×2 அடிப் பரப்பில் ஒரு இன்ச் இறங்கினாலே 19 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே ஆழமாக இருந்தால் சைஃபன் பிடித்து அதன் வழியாகவும் இறங்கிக்கொண்டே இருக்கும். சம்பில் எப்போதும் 40 லிட்டருக்காவது காலி இடம் இருக்க வேண்டும். பம்பை அணைத்து, தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று முதல் நாளே பார்த்து, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ஆக்சிஜன். நீண்ட மின்தடையில் மீன்களை முதலில் கொல்வது பெரும்பாலும் சூடல்ல, மூச்சுத் திணறல். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அசைவும் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு 20 வாட் வேவ்மேக்கரை மட்டும் மாட்டி, அதை மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வைத்தால், மற்ற லோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்ட 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு நாளாவது தாங்கும். சில்லரைச் சாதாரண இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரன்ட்டை அது தாங்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு தனியாக இருக்கட்டும். விலை அதிகமில்லை.

இதோடு சேர்த்து, கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். உப்புத்தண்ணீரும் பிளக் பாயின்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் அது.

பழைய தொட்டியிலிருந்து எதை எடுத்துப் போவது, எதை விடுவது?

பாறை கட்டாயம் போக வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் பாறையின் மேற்பரப்பிலும் துளைகளிலும்தான் குடியிருக்கிறது, தண்ணீரில் மிகக் குறைவு. “பழைய தண்ணீரை ஊற்றினால் சைக்கிள் ஆகிவிடும்” என்பதில் சாரம் இல்லை (சைக்கிள் என்றால் இந்த பாக்டீரியா போதிய அளவு வளர்வது). ஆனாலும் பழைய தண்ணீரில் பாதியைக் கொண்டுபோவதில் ஒரு லாபம் உண்டு. மீனுக்கும் பவளத்துக்கும் திடீர் மாற்றம் குறையும்.

மணலை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருடம் கலக்காமல் கிடந்த மணலுக்குள் கழிவும், ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கலாம். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டி ஒரே இரவில் மீன்களை இழப்பது இந்த ஹாபியில் அடிக்கடி நடக்கும் விஷயம். புது மணல் வாங்கி, மேலாக ஒரு கப் பழைய மணலைத் தூவினால் போதும், சின்ன உயிரினங்கள் அதிலிருந்து பரவிக்கொள்ளும்.

ஐப்டேசியா (சின்னக் கடல் அனிமோன்), பபிள் பாசி, பிரையாப்சிஸ் பாசி, தட்டைப்புழு மாதிரித் தொல்லைகள் எல்லாம் பாறையோடு சேர்ந்து குடிபோகும். 120 லிட்டரில் ஒழிக்க முடியாததை 450 லிட்டரில் ஒழிக்க முடியாது. மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடியுங்கள். ஒரே ஒரு பாறையில் மட்டும் மோசமாக இருந்தால் அந்தப் பாறையைத் தியாகம் செய்துவிடலாம்.

மாற்றும் நாளில் எந்த வரிசையில் செய்வது?

தண்ணீரை முந்தைய நாளே கலந்து, பம்ப் போட்டுச் சுழலவிட்டு, உப்பும் வெப்பமும் பழைய தொட்டியோடு ஒத்துப்போகும்படி செய்துவையுங்கள். அன்றைக்குத் தேவையானதை விட நூறு லிட்டர் அதிகமாகவே கலந்து டிரம்மில் வைக்க வேண்டும். அது அம்மோனியா ஏறினால் மாற்றுவதற்கு.

காலையில் முதலில் கலங்காத பழைய தண்ணீரை எடுத்துவிடுங்கள். அப்புறம் பவளங்கள் பக்கெட்டில். அதன் பிறகு பாறை, தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி. பாறையில் வளரும் ஸ்பாஞ்சு மாதிரி உயிர்கள் காற்றுப் பட்டாலே செத்து அழுகத் தொடங்கும். பாறை எல்லாம் போனபின் மீன் பிடிப்பது சுலபம், பாறை இருக்கும்போது வலையை விட்டுத் துரத்தினால் நாள் முழுக்கத் துரத்த வேண்டியதுதான். ஒவ்வொரு பக்கெட்டிலும் ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

புதுத் தொட்டியில் பாறையை முதலில் கண்ணாடியின் மேலேயே நேராக நிறுத்துங்கள், மணலை அதைச் சுற்றிப் போடுங்கள். மணல் மேல் பாறையை அடுக்கினால் பிஸ்டல் இறாலும் கோபியும் அடியைத் தோண்டி ஒருநாள் சரித்துவிடும். தண்ணீர் நிரப்பி, பம்ப் ஓட்டி, கலங்கல் கொஞ்சம் தெளிந்ததும் பவளம், கடைசியில் மீன். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளில் முடியும். மூடியையோ வலையையோ அன்று இரவே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் புது இடத்தில் மிரண்டு துள்ளிக் குதித்த ராஸ் மீன்கள் தரையில் கிடப்பதைக் காலையில் பார்க்க நேரும்.

மறுபடி சைக்கிள் ஓட வேண்டுமா?

பழைய பாறை முழுதும் வந்து, அதே மீன்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். பெரிய தொட்டிக்குப் பழைய பாறை போதாதென்று உலர் பாறை சேர்ப்பீர்கள் அல்லவா, அதை மாற்றும் நாளில் சேர்க்காமல் ஒரு மாதம் முன்பே தனி டிரம்மில் உப்புத்தண்ணீரில் போட்டு, பம்ப் ஓட்டி, பாக்டீரியா விட்டுத் தயார்படுத்துங்கள்.

புதுத் தொட்டி பழுப்பாகிவிட்டதே!

ஆகும். முதலில் டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, பின்னால் பச்சைப் பாசி. இரண்டையும் பெரும்பாலும் நத்தைகளே பார்த்துக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு விழுந்த தொட்டியில் வரும் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). சளி மாதிரி பழுப்பு நூல், அதில் குமிழ்கள். கழிவு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டு, ஃபாஸ்பேட் ரிமூவரும் போட்டு, மீனுக்குச் சோறும் குறைத்தவர்கள்தான் இதை வரவழைக்கிறார்கள். நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஃபாஸ்பேட் 0.05 மில்லிகிராம் அளவுக்கு இருக்கட்டும். ரிமூவரை முதல் சில மாதம் பெட்டியிலேயே வையுங்கள்.

கால்சியம், ஆல்கலினிட்டி டோஸை நாலு மடங்காக்க வேண்டுமா?

வேண்டாம், இது ரொம்பவே பரவலான தப்பு. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் கார்பனேட் அளவு) சாப்பிடுவது பவளம், தண்ணீர் அல்ல. பவளம் அதே எண்ணிக்கை என்றால் நாளுக்குத் தேவையான மில்லிலிட்டரும் ஏறக்குறைய அதேதான். பழைய அளவில் தொடங்கி, ஆல்கலினிட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்து, இறங்கும் அளவுக்குக் கூட்டுங்கள். 8 முதல் 9 டி.கே.ஹெச்.சில் (ஆல்கலினிட்டியின் அலகு) நின்றால் போதும், எந்த எண் என்பதை விட அது ஆடாமல் நிற்பது முக்கியம்.

விளக்கு?

புது எல்.இ.டி.யை முதல் நாளே முழு வெளிச்சத்தில் விடாதீர்கள். 40 சதவீதத்தில் தொடங்கி நான்கைந்து வாரத்தில் ஏற்றுங்கள்.

இப்போது புளூ டாங் வாங்கலாமா?

தொட்டி ஆறடி ஆனபின் வாங்குங்கள். நாலடிக்கு மஞ்சள் டாங் அளவிலான மீன் சரி. பவுடர் புளூ டாங் நம் இந்தியப் பெருங்கடல் மீன், கடைகளில் அடிக்கடி வரும், அழகுக்குக் குறையில்லை, ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் அதைத் தேடி வரும். டாங் வகையைக் கடைசியில் விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் இடம் என்று நினைத்து, பின்னால் வருகிற மீனை விரட்டும். தொட்டி பெரிதாகிவிட்டதே என்று முதல் இரண்டு மாதத்தில் எதையும் வாங்காமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை.

கிளௌன் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் அதன் குஞ்சு உற்பத்தி முறையையே உருவாக்கியிருக்கிறார்கள், கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை.

ராமேஸ்வரம் பக்கம் பவளம், லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) எடுத்து வரலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். கடினப் பவளங்கள் எல்லாம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அந்த ஆண்டுதான் சேர்ந்தன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டையும் எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடையில் கடினப் பவளம் விற்றால், இறக்குமதிச் சான்றும், அரிய உயிரின வணிகத்துக்கான சர்வதேச சைட்டிஸ் அனுமதியும் கேளுங்கள். “அதெல்லாம் இருக்கு சார், அப்புறம் தர்றேன்” என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பாறைக்கு செயற்கை உலர் பாறையே போதும்.

பழைய இரண்டடித் தொட்டியை விற்றுவிடலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்ததைத் தனியே வைத்து நோய் பார்க்கும் குவாரன்டைன் தொட்டியாக அது இல்லாமல் நாலடிக்குப் புது மீன் விடுவது வீண் ஆபத்து. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியைச் சுமார் 76 நாள் மீனில்லாமல் வைப்பதுதான் வழக்கம். பவளம் இருப்பதால் உள்ளே தாமிர மருந்து ஊற்ற முடியாது. குவாரன்டைன் தொட்டியில் பாறையும் மணலும் வேண்டாம், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும் இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டும் போதும். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய சம்பிலேயே போட்டு வைத்தால், மீன் வாங்கும் நாளில் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஒருமுறை தாமிரம் போட்ட ஸ்பாஞ்சு மட்டும் திரும்பவும் சம்புக்குள் போகக் கூடாது.